தலைக்குச் சரியாகப் பொருந்தும் தொப்பியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் தலையின் சுற்றளவு 61 செ.மீ. 'எல்லோருக்கும் பொருந்தும்' என்ற சீட்டுடன் விற்கப்படும் தொப்பிகள் என் தலையில் ஏறுமே தவிர, காதுக்கு அருகே இறங்காமல் உச்சியிலேயே நின்றுவிடும். அதைவிடப் பெரிய தொப்பியைத் தேடிப் பிடித்து அணிந்தாலோ, நெற்றியில் சிவந்த கோடு விழும். அதே நேரத்தில் இரு பொட்டுகளின் (கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதி) ஓரத்திலும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். சுற்றளவு என்ற ஒரே எண்ணை நம்பித் தேடியதுதான் நான் செய்த பிழை என்பது வெகுகாலம் கழித்தே புரிந்தது. சுற்றளவோடு தலையின் வடிவமும் தொப்பியின் ஆழமும் ஒத்துவந்தால்தான் தொப்பி தலையில் அமரும். இம்மூன்றையும் வீட்டிலேயே கண்டறிந்து, அதன் பிறகு தொப்பி வாங்கும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

படி 1: எதற்காக அணிகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

வெயிலுக்காக, குளிருக்காக, வழிபாட்டுக்காக, சீருடையின் பகுதியாக, அழகுக்காக என்று தொப்பி அணியும் காரணங்கள் பல. காரணம் தெரிந்தால் தேட வேண்டிய வகை பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

வெயிலுக்கென்றால் விளிம்பு சுற்றிலும் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் நீண்டிருக்கும் கிரிக்கெட், பேஸ்பால் வகைத் தொப்பிகள் நெற்றிக்கும் மூக்குக்கும் நிழல் தருகின்றன; காதுகளையும் பிடரியையும் அவை காப்பதில்லை. வெயிலால் தோல் மிகவும் பாதிக்கப்படும் இடங்களில் காது மடலும் ஒன்று என்பதால், சுமார் 7.5 செ.மீ. அகலமுள்ள விளிம்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். பின்னல் இடுக்குகளின் வழியே ஒளி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அதே வழியில் புற ஊதாக் கதிரும் வரும். யுபிஎஃப் 50 என்று குறிக்கப்பட்ட துணி அக்கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 2 சதவீதத்தை மட்டுமே உள்ளே விடும்.

குளிருக்கென்றால் காதுகள் மூடப்பட வேண்டும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே வெளியேறுகிறது என்ற பேச்சு உண்மையன்று. பெரியவர்களின் உடற்பரப்பில் தலையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். வெப்ப இழப்பும் ஏறக்குறைய அந்த அளவிலேயே அமைகிறது. ஆனாலும் உடல் முழுவதும் போர்த்தியிருக்கையில் தலை மட்டும் திறந்திருந்தால் குளிர் அங்கேதான் உறைக்கும் என்பதால், குல்லாய்க்குத் தேவை இருக்கவே செய்கிறது.

சிகிச்சையால் முடி இழந்தவர்களுக்காகத் தனியாக ஒரு சொல். முடி இல்லாதபோது தலையின் அளவு குறையும். உள்தையல்கள் தோலில் உராயும். பழைய அளவை வைத்து வாங்காமல் புதிதாக அளவெடுத்து, தையல் வெளிப்பக்கம் இருக்கும் மென்மையான பருத்தித் தொப்பியைத் தேடுங்கள்.

படி 2: சுற்றளவை எடுங்கள்

தையற்காரர்கள் பயன்படுத்தும் அளவு நாடா போதும். அது இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, ஸ்கேலில் வைத்து அளக்கலாம். நாடாவை நெற்றியின் நடுவில் வைத்து, காதுகளுக்கு ஒரு செ.மீ. மேலே கொண்டு சென்று, பின்மண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மீது சுற்றுங்கள். பின்பக்கம் நாடா கீழே நழுவுவது வழக்கம் என்பதால் கண்ணாடி முன் நிற்பதோ, மற்றொருவரைப் பிடிக்கச் சொல்வதோ நல்லது. இறுக்கி இழுக்க வேண்டாம். தொப்பி அணியும்போது முடியை எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே வைத்துக்கொண்டு மூன்று முறை அளந்து, இரண்டு எண்களுக்கு இடையில் அளவு விழுந்தால் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில தொப்பிகளில் செ.மீ.க்குப் பதிலாக 7¼, 7⅜ போன்ற எண்கள் இருக்கும். இவை அமெரிக்க அளவுகள். சுற்றளவை அங்குலமாக்கி 3.14ஆல் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். 58 செ.மீ. என்பது ஏறத்தாழ 22.8 அங்குலம், வகுத்தால் 7.27, அதாவது 7¼. பிரிட்டன் அளவு இதைவிட ⅛ குறைவு என்பதால் அதே தலைக்கு அங்கே 7⅛. எந்த நாட்டு முறை என்று பார்க்காமல் வாங்கினால் ஏறத்தாழ ஒரு செ.மீ. தவறிவிடும்.

படி 3: வடிவத்தைக் கண்டறியுங்கள்

பலரும் தவறவிடும் படி இதுதான். மேலிருந்து பார்த்தால் எந்தத் தலையும் சரியான வட்டமாக இருப்பதில்லை. சிலருக்கு நீள்முட்டை வடிவம், சிலருக்கு வட்டத்தை ஒட்டிய வடிவம். 1840களிலேயே பாரிசில் இதற்கென ஒரு கருவி உருவாக்கப்பட்டது. தலையில் கிரீடம்போல் அதை அணிவித்தால், சுற்றிலும் உள்ள கட்டைகள் தலையைத் தொட்டு நகர்ந்து, அதன் வடிவத்தைச் சிறிதாக்கி ஒரு தாளில் ஊசித் துளைகளாகப் பதிக்கும். அதைப் பார்த்துத் தொப்பி செய்வோர் விளிம்பை வளைத்துத் தந்தார்கள்.

நமக்கு எளிதில் வளையும் கம்பி ஒன்று போதும். அளவெடுத்த அதே கோட்டில் அதைத் தலையைச் சுற்றி மெதுவாக அழுத்தி, வடிவம் கலையாமல் மேலே எடுத்து, தாளில் வைத்துக் கோடு வரையுங்கள். நெற்றியிலிருந்து பின்மண்டைக்கு உள்ள நீளத்தையும் பக்கவாட்டு அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தொப்பியின் உட்புறத்தை அளந்து ஒப்பிடலாம். கம்பி கிடைக்காவிட்டால், விறைப்பான தொப்பி ஒன்றைப் பத்து நிமிடம் அணிந்து கழற்றுங்கள். நெற்றியிலும் பின்புறத்திலும் தடம் பதிந்து, பக்கங்களில் இடைவெளி இருந்தால் உங்கள் தலை அந்தத் தொப்பியைவிட நீளமானது. பொட்டுகளில் தடம் பதிந்து முன்னும் பின்னும் தளர்ந்திருந்தால் தலை அதைவிட வட்டமானது.

படி 4: ஆழத்தைப் பாருங்கள்

ஒரு காதின் மேலிருந்து உச்சந்தலை வழியாக மறு காதின் மேல்வரை நாடாவை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். தொப்பியின் உட்புறத்திலும் இதே வழியில் அளந்தால் ஒப்பிட முடியும். உங்கள் எண்ணைவிடத் தொப்பியின் எண் குறைவாக இருந்தால் அது உச்சியிலேயே நின்று, காற்றில் பறக்கும். மிகுதியாக இருந்தால் காதுகளை மடக்கும்.

படி 5: அணிந்து சோதியுங்கள்

தொப்பிக்கும் நெற்றிக்கும் இடையே ஒரு விரல் சற்று முயன்று நுழைய வேண்டும். குனிந்து, தலையை இருபுறமும் அசைத்துப் பாருங்கள். பிறகு பற்களைக் கடியுங்கள்: அப்போது பொட்டுகளுக்கு மேல் தசை புடைப்பதை விரலால் தொட்டே உணரலாம். பக்கங்களில் இறுகும் தொப்பி அந்தத் தசையை ஒவ்வொரு முறையும் அழுத்துகிறது. கடையில் ஐந்து நிமிடத்தில் தெரியாத இந்த அழுத்தம் மாலைக்குள் தலைவலியாகும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதை மாட்டிக்கொண்டே சோதிக்க வேண்டும்.

படி 6: சிறு குறைகளைச் சரிசெய்யுங்கள்

தளர்வாக இருந்தால், தொப்பியின் உள்ளே ஓடும் வியர்வைப் பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப் பட்டையைச் செருகலாம். 2 மி.மீ. தடிமனுள்ள பட்டையைச் சுற்று முழுவதும் வைத்தால் சுற்றளவு 12 மி.மீ. வரை குறையும் என்பதால், முதலில் சிறு துண்டுகளாக வையுங்கள். நீண்ட தலை உள்ளவர்கள் ஓர் அளவு பெரிய தொப்பியை வாங்கி, பக்கங்களில் மட்டும் பட்டை வைப்பதே நான் கண்டவற்றில் சிறந்த வழி. என் 61 செ.மீ. தலைக்கு இப்போது 62 செ.மீ. தொப்பியைத்தான் வாங்குகிறேன்.

இறுக்கமான ஃபெல்ட் (விலங்கு முடியை அழுத்திச் செய்த கெட்டித் துணி) தொப்பியின் உட்புறத்தில் நீராவி காட்டி, லேசாக ஈரம் ஏறியதும் அணிந்துகொண்டு, தலையிலேயே உலரவிட்டால் சிறிது நெகிழும். ஓர் அளவு முழுவதும் விரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். காய்ந்த வைக்கோல் தொப்பியை இழுத்தால் முறிந்துவிடும். மழையில் நனைந்த என் ஃபெல்ட் தொப்பியை ஒருமுறை அடுப்பருகே உலர்த்தினேன். தோலால் ஆன வியர்வைப் பட்டை சுருங்கி, தொப்பி பிறகு என் தலையில் ஏறவே இல்லை. நனைந்த தொப்பியின் வியர்வைப் பட்டையை வெளியே திருப்பிவிட்டு, தொப்பியை அந்தப் பட்டையின் மீதே நிற்க வைத்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.