பறக்கவிடும் நேரத்தில் கேமராவோடு நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்ட கரும்பருந்து ஒன்று சிகிச்சையில் தேறிவிட்டது. நாளைக் காலையில் வெட்டவெளியில் திறந்துவிடப் போகிறார்கள், படம் எடுக்க உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போனதும் நாம் செய்கிற முதல் தவறு, நிற்கும் இடம்.

பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும்பும். நமக்கோ முகம் தெரிய வேண்டும், விரித்த இறக்கை முழுசாக வர வேண்டும். அதற்காக எதிரே போய் நிற்கிறோம். அது கிளம்ப வேண்டிய பாதையே அதுதான். நான்கு பேர் டிரைபாடோடு அரைவட்டம் கட்டினால் பருந்து மிரண்டு, காற்று போகிற திசையில் தாழப் பறக்கும். பக்கத்தில் மின்கம்பியோ மதில் சுவரோ இருந்தால் ஆபத்து. ஒரு பிடி மணலைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். பருந்தை வைத்துக் கொண்டுவந்த பெட்டிக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி நில்லுங்கள். பெட்டி வாயில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி அளவில் வைத்துக்கொண்டால் போதும். பறவை திரும்பும்போது முகமும் கிடைக்கும்.

அடுத்தது, "சார், கையில எடுத்து மேல வீசுங்க, நல்லா வரும்" என்ற குரல். எல்லா இடத்திலும் ஒருவராவது இதைச் சொல்வார். பல நாள் கூண்டில் இருந்த பறவைக்கு வெளிச்சம் பழக வேண்டும், இடம் புரிய வேண்டும். அதற்கு முன் தூக்கி எறிந்தால் சிறகு விரிக்காமலே தரையில் விழலாம். பெட்டியைத் திறந்துவிட்டு எல்லோரும் விலகிப் போவதுதான் சரி. உடனே பறக்கவில்லையே என்று பெட்டியைத் தட்டாதீர்கள். வாசலில் நின்று ஒரு பக்க இறக்கையை மட்டும் நீட்டிப் பார்த்து, உடம்பைச் சிலுப்பி, தலையைச் சாய்த்து வானத்தை அளக்கும். என்னைக் கேட்டால், பறக்கிற படத்தைவிட இதுதான் நல்ல படம்.

பெட்டியை மூடியிருக்கும் துணியை விலக்கி "ஒரே ஒரு க்ளோசப்" கேட்பதும் வேண்டாம். பறவை அடங்கியிருப்பதே அந்த இருட்டினால்தான். மான் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. பிடிபட்ட பயத்திலும் திமிறலிலும் அதன் தசைகள் சிதைந்து, சில நாள் கழித்துக்கூடச் செத்துப்போவதுண்டு. பார்ப்பதற்கு நன்றாக ஓடிப்போன மான்தான்!

கூகையைப் பகலில் விடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு, வெளிச்சம் கிடைக்குமாம். நகரத்தில் பகலில் கூகை வெளியே வந்தால் காக்கைகள் சூழ்ந்து விரட்டும். அந்தி மயங்கித்தான் விடுவார்கள். கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) ஏற்றிக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் போட்டால் அதன் கண் கூசி, கிளம்புகிற நேரத்தில் தடுமாறிப் போகும்.

வெளிச்சம் என்றதும் கடற்கரையைச் சொல்லாமல் விட முடியாது. பங்குனி ஆமைக் குஞ்சுகள் சிகிச்சை பெற்றவை அல்ல, பொரிப்பகத்தில் முட்டையாகக் காத்துப் பொரிக்கவைத்தவை. ஆனாலும் தவறுகள் ஒரே மாதிரிதான். சென்னையில் 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவு நடை போய் முட்டைகளைச் சேகரித்து வருகிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். எந்தப் பக்கம் அடிவானம் பளிச்சென்று இருக்கிறதோ அதைக் கடல் என்று நம்பிப் போகும். ஃபிளாஷை அணைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் மறப்பது, இருட்டில் ஃபோகஸ் பிடிக்கக் கேமரா தானாகவே எரியவிடும் சின்ன விளக்கு. மெனுவில் போய் அதையும் அணையுங்கள், பின்திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். குஞ்சுக்கும் அலைக்கும் நடுவே படுக்காதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுக்கு நம் காலடிக் குழியே பெரிய பள்ளம்.

சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் கேமராவோடு நுழையாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், படம் எடுக்க அனுமதி தருவது பற்றித் தனியாகவே சொல்கிறது.

அப்புறம், படத்தைப் போடும்போது இடத்தைச் சொல்லிவிடுவது. நட்சத்திர ஆமையைக் கடத்தும் கூட்டம் பெரிது. 2019இல் அதன் சர்வதேச வணிகத்துக்கே தடை வந்தது. எந்தக் காட்டில் விட்டார்கள் என்று எழுதினால் வழிகாட்டிப் பலகை நட்டது போலத்தான். கைப்பேசிப் படத்துக்குள் ஜிபிஎஸ் விவரம் ஒளிந்திருக்கும், அதை நீக்குங்கள். பின்னணியில் ஊர்ப் பெயர்ப் பலகை தெரிகிறதா என்றும் பாருங்கள். மீட்டு விடப்பட்ட விலங்கு என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். காட்டில் தற்செயலாகக் கிடைத்த படம் போலக் காட்டுவது ஏமாற்று.

கடைசியாக, சுமாரான படங்களை அங்கேயே அழித்துவிடுவது. முகம் தெரியாமல், அடிவயிறும் இறக்கையும் மட்டும் தெரிகிற படம் நமக்கு வேண்டாததாக இருக்கலாம். சிகிச்சை செய்த மருத்துவருக்கு அப்படியில்லை. இரண்டு இறக்கையும் ஒரே அளவுக்கு விரிகிறதா, தைத்த பக்கம் தொய்கிறதா என்று அந்தப் பட வரிசையை ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். முழுசாக நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் அழித்துக்கொள்ளுங்கள்.