பட்டறைக்கு நாமே ஸ்கேனர் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறு விவரங்களைப் படிக்கும் கம்பெனி ஸ்கேனரின் விலையைக் கேட்ட பிறகு, நாமே ஒன்று செய்துகொள்ளலாமே என்று சின்னப் பட்டறைக்காரர்கள் யோசிப்பது நியாயம்தான். செய்யவும் முடியும். புரோகிராம் போட்டு ஓட்டும் சின்ன இஎஸ்பி32 போர்டு, வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் லைனோடு அதை இணைக்க ஒரு கேன் டிரான்ஸீவர், வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருக 16 பின் பிளக், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். ஆர்பிஎம், கூலண்ட் சூடு, எர்ரர் கோடு எல்லாம் திரையில் வந்துவிடும். ஆனால் அதைச் செருகப்போவது வாடிக்கையாளர் நம்பி விட்டுச் சென்ற வண்டியில். அதனால் எங்கே காசு மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது முதலில் தெரிய வேண்டும்.

முதல் இடம் கரண்ட். சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவி போடாமலே பேட்டரி கரண்ட் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரும். ஓட்டத்தில் பேட்டரி டெர்மினல் லூஸானால் கண்ணிமைக்கும் நேரத்தில் பல மடங்கு எகிறி இறங்கும். அந்த வயரில் 5 வோல்ட் மாட்யூலை நேரே மாட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸும் திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஒரு டிவிஎஸ் டையோடும் போடுங்கள். இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் காசுதான் ஆகும்.

அடுத்தது கேன் லைன். இதில் நானே சிக்கியிருக்கிறேன். கேன் லைனில் பேச உதவும் எம்சிபி2515 சிப் வைத்த நீல நிற மாட்யூல் ஒன்றை வாங்கிச் சேர்த்து, சாவியைத் திருப்பினேன். மீட்டரில் ஏபிஎஸ், செக் லைட், ஸ்டியரிங் லைட் எல்லாம் ஒன்றாக எரிந்தன. கை நடுங்கிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், மாட்யூலின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் மேல் பொடி எழுத்தில் 8.000, அதாவது 8 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. நான் போட்ட புரோகிராமோ 16 மெகாஹெர்ட்ஸ் என்று கணக்குப் போட்டிருக்கிறது. அதனால் 500 கேபிபிஎஸ் வேகத்தில் ஓடும் லைனில் என் போர்டு 250-இல் பேசி, மற்றவர்கள் பேச்சையெல்லாம் கெடுத்துவிட்டது. நல்லவேளை, எதுவும் கெடவில்லை. எந்தப் போர்டையும் முதலில் கேட்க மட்டும் செய்யும் மோடில் போட்டுப் பாருங்கள். அதில் அது லைனுக்குள் எதையும் அனுப்பாது.

அந்த மாட்யூலிலேயே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் இருக்கும். வண்டியின் கேன் லைனில் ஏற்கெனவே இரண்டு உண்டு, மூன்றாவது வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு கேன் லைனின் இரண்டு வயரும் வரும் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்டும். உங்கள் கருவியைச் சேர்த்ததும் 40 என்று இறங்கினால், அந்த ரெசிஸ்டரின் ஜம்பரைக் கழற்றிவிடுங்கள்.

சாக்கெட் ஒன்றுபோல் இருப்பதால் எல்லா வண்டியும் ஒரே மொழி பேசும் என்று நம்ப வேண்டாம். வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் பொது முறையான ஓபிடி 2 இந்தியாவில் கார்களுக்குக் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய சில வண்டிகளில் அதே சாக்கெட் இருந்தும் பொது ஸ்கேனருக்குப் பதில் வராது. கருவியைக் குறை சொல்லிப் பிரித்துப் போடாதீர்கள்.

சரி, கோடு வந்துவிட்டது. பெரிய நஷ்டம் இங்கேதான் நடக்கிறது. பி0171 என்ற எர்ரர் கோடு வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அந்தக் கோடின் பொருள். சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. அதனால் உங்கள் கருவி கோடை மட்டும் காட்டினால் போதாது, எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தானாக எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று சொல்லும் ஃபியூயல் டிரிம்மையும் காட்ட வேண்டும். ஐடிலில் டிரிம் 20 சதவீதம் வரை ஏறியிருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யம் பக்கம் வந்தால் ஏர் லீக்கைத் தேடுங்கள். லோடு கூடக்கூட டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பிரஷரையும் ஏர் ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள்.

ஏர் லீக் தேட, எஞ்சினுக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் புகை டப்பா செய்பவர்கள் உண்டு: பெயின்ட் டின், பேபி ஆயில், சூடாக்க ஒரு குளோ பிளக். நல்ல கருவிதான், ஆனால் கம்ப்ரஸர் ஹோஸை நேரே அதில் செருகிவிடாதீர்கள். மூடி பறக்கும், வண்டியின் சீலும் போகும். ரெகுலேட்டர் வைத்து 1 பிஎஸ்ஐக்குள் நிறுத்துங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் வண்டியின் பக்கத்தில் அந்த டப்பாவைக் கொண்டுபோகவே வேண்டாம். பொறுமையாகப் பார்த்தால், மேலே புத்தம் புதிதாகத் தெரியும் ஹோஸின் அடிப்பக்கத்திலிருந்து நூல் போலப் புகை எழும்.

அப்புறம், கோடை அழிக்கும் பட்டனைத் திரையின் முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். அது கோடோடு சேர்த்து, கோளாறு வந்த நேரத்தின் வேகம், சூடு, லோடு எல்லாவற்றையும் துடைத்துவிடும். அந்த எண்களை வண்டி நம்பரோடு நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே அழியுங்கள். அதே வண்டி அடுத்த மாதம் அதே செக் லைட்டோடு வந்தால் முதலில் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.