ஜன்னல் கிரில்லை ஒருமுறை பாருங்கள்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கிளம்பும்போது கதவுப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறோம், ஜன்னலை யாரும் கவனிப்பதில்லை. மரச்சட்டத்தின் வெளிப்பக்கம் ஸ்க்ரூ போட்டு மாட்டிய கிரில் என்றால், ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் கழற்றிவிடலாம். வெளியே வழவழப்பான தலை, உள்ளே நட் வருகிற போல்ட்டாக மாற்றச் சொல்லுங்கள். பழைய வீடு என்றால் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் எந்த போல்ட்டும் நிற்காது, முதலில் சட்டத்தை மாற்றுங்கள். சறுக்கு ஜன்னலுக்குத் தடத்தில் அளவாக வெட்டிய கட்டை போதும்.

மதுரை வெக்கைக்கு ராத்திரி ஜன்னலைச் சாத்தச் சொல்ல எனக்கே மனசு வராது. சாவி, போன், நகை மட்டும் கை எட்டுகிற தூரத்தில் வேண்டாம். கதவுத் தாழ்ப்பாளும் ஜன்னல் வழியாக எட்டக்கூடாது. ஊருக்குப் போனால் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.