'ரத்தம்' என்று எழுதாதீர்கள்: ஒரு பழைய ரைட்டர் சொல்வது

காவல் துறையில் 28 வருடம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது ஸ்டேஷன் பதிவுகளை எழுதும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக வந்த எஸ்.ஐ. பிள்ளைகள் போனில் கூப்பிட்டு, "ஐயா, குற்றம் நடந்த ஸ்பாட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். உயிர் இருக்கிறதா என்று பார், அடுத்ததாக வானத்தைப் பார் என்பேன்.

சிரிப்பார்கள். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, ஜூனுக்கு முன்னே இடியோடு கோடை மழை. போட்டோகிராபர் வரும்வரை அது பொறுக்காது. மண்ணில் செருப்புத் தடம் கண்டால் பக்கத்து வீட்டில் ஒரு சருவம் (அகன்ற பாத்திரம்) வாங்கிக் கவிழ்த்து வையுங்கள். ஓலையைத் தடத்தின் மேலேயே போடாதீர்கள், ஈர்க்கு நுனி மண்ணைக் கீறிவிடும்.

கயிறு கட்டும்போது தோன்றும் இடத்தைவிடப் பெரிதாக வளைத்துக் கட்டுங்கள். அப்புறம் சுருக்கலாம், விரிக்க முடியாது. உள்ளே போக, வர ஒரே வழி. உங்களுக்கு முன்னால் உள்ளே போனவர்கள் யார் யார், தண்ணீர் கொடுத்தவர், 108 ஆட்கள் உட்பட, பெயரும் நேரமும் நோட்டில் ஏற வேண்டும். ஒரு திருட்டு வழக்கில் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கரைத்து ஊற்றி, அரை மணிக்கூறு காத்திருந்து, பக்குவமாக எடுத்த தடம் எங்கள் ஏட்டையாவின் பூட்ஸ். அவரே பார்த்துவிட்டு, "இது நம்மளதுல்லா மக்களே" என்றார்.

எதையும் தொடும் முன் படம். தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று, கிட்டத்தில் இரண்டு: அளவுகோல் இல்லாமல் ஒன்று, வைத்து ஒன்று. மாதிரி வரைபடத்துக்கு அளவு எடுக்கும்போது நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து எடுங்கள். மின்கம்பம் என்றால் அதன் எண்ணோடு. நிறுத்தியிருந்த ஆட்டோவிலிருந்து அளந்த வரைபடம் ஒன்று பார்த்திருக்கிறேன். வழக்கு விசாரணைக்கு வரும்போது ஆட்டோவே கைமாறிவிட்டது.

என்ன எடுப்பது என்பதற்குப் பட்டியல் போதாது. மேற்கே ஒரு ரப்பர் விளையில் கொலை. விடியும் முன்னே பால்வெட்டப் போனவர் திரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் உடலையும் வெட்டுக்கத்தியையும் சுற்றி நின்றோம். தடய அறிவியல் பிரிவிலிருந்து வந்த அம்மா மட்டும் மரம் மரமாக நடந்து பால் வடியக் கட்டிய ஒவ்வொரு சிரட்டையாக எட்டிப் பார்த்தார். மேல் வரிசைகளில் சிரட்டை நிறையப் பால். ஒரு மரத்தில் பட்டைச் சீவல் பாதியில் நின்றிருந்தது, சிரட்டையில் அடி மறையக்கூட பால் இல்லை. அடுத்த மரத்திலிருந்து வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டிய பழைய ஒட்டுப்பாலே உரிக்கப்படவில்லை. உடல் கிடந்தது அங்கிருந்து நாற்பது மீட்டர் தள்ளி. மல்லுக்கட்டு தொடங்கிய இடம் கிடைத்துவிட்டது. ஒரு மணிக்கூறில் அவர் எத்தனை மரம் வெட்டுவார் என்று கூட வேலை செய்பவர்களிடம் கேட்டு நேரத்தையும் ஓரளவு பிடித்தோம். மகஜரில், அதாவது ஸ்பாட்டில் கண்டதையும் எடுத்ததையும் சாட்சிகள் முன் எழுதும் பதிவில், 'ஒரு ரப்பர் மரம்' என்று எழுதவில்லை. வடக்கிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது மரம் என்று எழுதினோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பால் வீணாகுதே என்று யாராவது வாளியில் ஊற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

இனி என் தவறு. நம் மேற்குப் பகுதி மண்ணே சிவப்பு. அதில் வெற்றிலை எச்சில் வேறு, கத்தியில் துரு வேறு. நான் ஒரு மகஜரில் மூன்று இடத்து மண்ணையும் 'ரத்தம் படிந்த மண்' என்று எழுதிவிட்டேன். ஆய்வக அறிக்கையில் ஒன்றில் ரத்தமே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "அப்போ மத்த ரெண்டும் உம்ம கற்பனைதானா?" அன்றிலிருந்து 'ரத்தம் போன்ற செந்நிறக் கறை' என்றுதான் எழுதுவேன். மகஜர் என்பது கண்ணால் கண்டது மட்டும். கறை மண் எடுத்தால், பக்கத்தில் கறையில்லாத மண்ணும் ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் புதுக் கையுறை.

மீனை பாலிதீன் கவரில் கட்டி வண்டிப் பெட்டியில் மறந்தால் என்ன ஆகும்? ரத்தம் நனைந்த சாரத்துக்கும் (லுங்கி) அதே கதிதான். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெடும். சுத்தமான பிரவுன் பேப்பரின் மேல் நிழலில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம். மடிப்புகளுக்கு இடையே பேப்பர் வைத்து மடித்து, பேப்பர் கவரில் போடுங்கள். கீழே விரித்த பேப்பரும் சான்றுதான், அதில் முடியோ மண்ணோ உதிர்ந்திருக்கும். கத்தியை அட்டைப் பெட்டியில் அசையாமல் கட்டி வையுங்கள். தீவைப்பு வழக்கென்றால் முறை தலைகீழ்: பெட்ரோல் வாடை அடிக்கும் துணி பேப்பரில் இருந்தால் ஆய்வகம் போகும் முன்னே பறந்துவிடும். காற்றுப் புகாத சுத்தமான தகர டப்பா வேண்டும்.

லேபிளில் ஸ்டேஷன், குற்ற எண், பொருள் எண், எடுத்த இடம், தேதி, நேரம், எடுத்தவர், சாட்சிகள் கையெழுத்து. கவரை மூடும் முன்பே எழுதுங்கள், கத்தி உள்ளே இருக்கும்போது மேலே பேனாவை அழுத்தாதீர்கள். அரக்கு முத்திரையின் மாதிரியைத் தனித் தாளிலும் வைத்து அனுப்ப வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105-ஆம் பிரிவுப்படி சோதனையும் கைப்பற்றுதலும், பட்டியல் எழுதி சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரை, வீடியோவில் வர வேண்டும். மொபைல் போனே போதும். வேலை முடிந்த பிறகு நடித்துக் காட்டி எடுக்காதீர்கள், பேனா மூடி திறக்கும் முன்னே மகஜர் நிறைந்திருப்பதை வக்கீல்கள் கண்டுபிடிக்கிறார்கள். 7 வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்று அதே சட்டத்தின் 176(3) பிரிவு சொல்கிறது. அதனால் அவர் வரும்வரை 'சும்மா பாத்தேன்' என்று பொருளைப் புரட்டிப் போடாதீர்கள்.

சி.சி.டி.வி. பதிவு எடுக்கும்போது டி.வி.ஆர். (பதிவுப் பெட்டி) திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே படத்தில் பிடியுங்கள். ஒரு பேக்கரி கேமரா 43 நிமிடம் பின்னால் ஓடியது. அதைக் குறிக்காமல் விட்டிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவன் கொலை நடந்தபோது அங்கே பப்ஸ் தின்றுகொண்டிருந்தான் என்றாகியிருக்கும்.

பொருள் கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து திருநெல்வேலி ஆய்வகம் போகும்வரை எந்தக் கையில் எத்தனை மணிக்கு இருந்தது என்பது, கைப்பற்றிய பொருள்களுக்கான சொத்துப் பதிவேட்டில் விடாமல் வர வேண்டும். ஒருமுறை கான்ஸ்டபிள் தம்பி ஆய்வகத்தில் ரசீது வாங்க மறந்து, இரவு எட்டு மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் பஸ் இறங்கினான். "நாளைக்குப் போறேன் ஐயா" என்றான். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ரசீது கைக்கு வந்த பிறகுதான் நான் வீட்டுக்குப் போனேன்.