அரசுக் கட்டுமான ஒப்பந்தப்புள்ளி: உறை பிரிக்கும் முன்பே நேரும் தவறுகள்

அரசுக் கட்டடமோ பாலமோ யார் கைக்குப் போகிறது என்பது ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில்தான் முடிவாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான அநீதி அதற்கு வெகு முன்பே, தகுதி நிபந்தனைகளை எழுதும்போதே நுழைந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிக்கொண்டே போட்டியை ஒழித்துவிட முடியும்.

முதன்மையான தவறு, வேலைக்குத் தேவையானதைவிட மிகுதியான தகுதியைக் கேட்பது. மத்திய கண்காணிப்பு ஆணையம் 2002இல் தந்த அளவுகோலின்படி, 10 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான பணிக்கு, கடந்த 3 ஆண்டுகளின் சராசரி ஆண்டு விற்றுமுதல் 3 கோடி இருந்தால் போதும்; கடந்த 7 ஆண்டுகளில் இதையொத்த 8 கோடிப் பணி ஒன்றையோ, 5 கோடிப் பணிகள் இரண்டையோ, 4 கோடிப் பணிகள் மூன்றையோ முடித்திருந்தால் போதும். இதை விட்டுவிட்டு, அதே மாவட்டத்தில், அதே துறைக்கு வேலை செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், நிபந்தனை ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ என்ற ஐயம் நியாயமாகவே எழும். பணியிடத்தைப் பார்வையிட்டதாகப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்கச் சொல்வதும் தீங்கானதே. யார் யார் போட்டியிடுகிறார்கள் என்பது அதன் வழியே முன்கூட்டியே கசிந்து, மிரட்டலுக்கும் கூட்டுச்சதிக்கும் இடம் கொடுக்கிறது.

அவகாசத்தைச் சுருக்குவது அடுத்த தவறு. மாநில விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் தர வேண்டும். மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்து இதைக் குறைக்கலாம் என்றாலும், அந்த விதிவிலக்கு வழக்கமாகிவிட்டால், முன்பே தகவல் அறிந்தவர் மட்டுமே விலை கணக்கிட்டு முடித்திருப்பார்.

உறை பிரித்த பிறகு, அறிவிப்பில் சொல்லாத புதிய அளவுகோலைக் கொண்டுவரக் கூடாது. ஒருவரின் விடுபட்ட சான்றிதழை மன்னித்து, மற்றொருவரை அதே குறைக்காக நிராகரிப்பதும் கூடாது. விலைக் குறைப்புப் பேச்சு மிகக் குறைந்த விலை கோரியவரோடு மட்டுமே நடக்கலாம். அந்த விலையும் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தால், சிமென்ட், கம்பி, கூலி என்று விலைப் பகுப்பாய்வைக் கேட்டுப் பெறாமல் பணியை ஒப்படைப்பது, பாதியில் நிற்கப்போகும் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதாகும்.

நிராகரிப்புக்கான காரணத்தை உடனே, தெளிவாக எழுதித் தர வேண்டும். ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டம் வழி தந்திருக்கிறது. காரணமே தெரியாதவர் எதை எதிர்த்து முறையிடுவார்?