சிலந்தி முட்டைப்பையா, வேறு எதுவுமா? தோட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"இலையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, சிலந்தி முட்டையா?" புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் இப்படிப் படம் அனுப்புகிறார்கள். பதில் சொல்வதற்குள் இலையைக் கிள்ளி எறிந்தும் விடுகிறார்கள்.

குளவிக் கூட்டை நசுக்குவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். முட்டைக்கோஸ் வளர்க்கும் நண்பர் ஒருவர், அசையாமல் கிடந்த பச்சைப்புழு ஒன்றையும் அதை ஒட்டி மஞ்சளாகக் குவிந்திருந்ததையும் பார்த்தார். சிலந்தி முட்டை என்று முடிவுகட்டி இரண்டையும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டார். அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். தாய்க்குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டும். புழு அதற்குள் தின்பதை நிறுத்தியிருக்கும், எப்படியும் சாகப்போகிறது. ஒரே புழுவிலிருந்து 20-க்கும் மேற்பட்ட குளவிகள் வரலாம். அடுத்த தலைமுறைப் புழுக்களைத் தேடிப் போயிருக்க வேண்டியவை அத்தனையும் சோப்புத் தண்ணீரில் போயின. அப்புறம் புழுவுக்கு மருந்து அடிக்க வேண்டியதாயிற்று.

போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சிலந்திப்பை என்றால் பெரும்பாலும் நூலால் நெய்த ஒரே உறை. முட்டைகள் அத்தனையும் உள்ளே இருக்கும். குளவி என்றால் அரிசிமணிபோல் ஒவ்வொன்றும் தனிக் கூடு. குளவி வெளியேறிய கூட்டின் நுனியில் மூடி திறந்த மாதிரி வட்டமான ஓட்டை தெரியும்.

மாவுப்பூச்சியைச் சிலந்தி என்று விட்டுவைப்பது

இது நேர் எதிர்த் தவறு. மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, வெள்ளைப் பஞ்சுபோல் இலையில் ஒட்டியிருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். சிலந்திப்பை நூலாக இழுபடும், மாவுப்பூச்சியின் பஞ்சு மெழுகாக அப்பிக்கொள்ளும். இலையில் பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் அது மாவுப்பூச்சிதான், சந்தேகமே வேண்டாம்.

கும்பிடுபூச்சிக் கூடு

குச்சியில் ஒட்டி இறுகிய நுரை. நூலே இருக்காது. விட்டுவிடுங்கள்.

பையைக் கிழித்துப் பார்ப்பது

வேண்டாம்.

தாயைத் தேடாமல் இருப்பது

பையை மட்டும் பார்த்து இனம் சொல்வது கடினம். ஓநாய்ச் சிலந்தி பையை வயிற்றின் பின்நுனியில் ஒட்டிக்கொண்டே திரியும். வேறு சில வாயில் கவ்விச் சுமக்கும். பல சிலந்திகள் பையின் பக்கத்திலேயே காவல் இருக்கும். உருண்டையான பையைச் சுற்றிலும் சின்னச் சின்ன முட்களாக நூல் துருத்திக்கொண்டிருந்தால் அது பிரவுன் விடோ சிலந்தியுடையதாக இருக்கலாம். அதற்கு விஷம் உண்டு, தாயும் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். தொட்டியின் விளிம்புக்கு அடியில் கைவிடும் முன் குனிந்து பாருங்கள்.