குவெர்ச்சினோ வரைந்ததா? தாளைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்

பரோக் காலத்துப் புனிதர் சித்திரம் (வண்ண ஓவியம் அல்ல, தாளில் வரைந்த கோட்டுப் படம்) ஒன்று கையில் கிடைத்து, கூடவே "இது குவெர்ச்சினோ" (17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்) என்று ஒரு சீட்டும் வந்தால், புனிதரின் முகத்தை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம். முதலில் தாளைத் திருப்புங்கள்.

படி 1: தாளை எல்இடி டிரேசிங் பேடில் வைத்து வாட்டர்மார்க்கை, அதாவது தாள் செய்யும்போதே பதிந்த குறியை, தேடுங்கள். மொபைல் டார்ச் வேண்டவே வேண்டாம், ஒரே இடத்தில் பளீரென்று அடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அட்டையில் ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்காதீர்கள்.

படி 2: சேகரிப்பாளர் முத்திரை, அதாவது முன்பு வைத்திருந்தவரின் அடையாளமாகத் தாளில் குத்தியது. ஃபிரிட்ஸ் லுக்ட் 1921இல் வெளியிட்ட முத்திரைத் தொகுப்பு இப்போது இணையத்தில் இலவசம், பிரெஞ்சில் இருந்தாலும் எழுத்தை வைத்துத் தேடலாம். 'பிஎல்' என்று தேடினால் 2092ஆம் எண், பீட்டர் லெலி; இங்கிலாந்து அரசவை ஓவியர், சித்திரங்கள் சேகரித்தவர். இங்கேதான் நான் வெகுநேரம் சிக்கிக்கிடந்தேன். லெலி 1680இல் இறந்துவிட்டார். முத்திரை குத்தியது ரோஜர் நார்த், லெலியின் சொத்தை நிர்வகித்தவர், ஏலத்துக்காக. ஆக அது யாரிடம் இருந்தது என்று சொல்லும், யார் வரைந்தது என்று சொல்லாது. குவெர்ச்சினோ 1666இல் இறந்தபின் சித்திரங்கள் சகோதரியின் மகன்களான ஜென்னாரிகளிடம் போயின, பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டுவரை அந்த வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அப்படியானால் லெலி முத்திரை எப்படி? வாய்ப்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது, அவர்களில் ஒருவரான பெனடெட்டோ ஜென்னாரி 1674இல் லண்டன் போய் மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஓவியராக இருந்தவர். ஆனாலும் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள்: முத்திரை மை கிழிசலின் விளிம்புக்குள் ஊறியிருந்தால், தாள் கிழிந்த பிறகு குத்தியது அது.

படி 3: இனி முன்பக்கம். சித்திரம், தீட்டி முடித்த ஓவியம் ஒன்றோடு விரல் விரலாகப் பொருந்தினால் மகிழாதீர்கள், நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குவெர்ச்சினோ ஒரே உருவத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார். எந்த ஓவியத்துக்கு என்று தேட, 1629இலிருந்து அவர் வீட்டில் எழுதிய கணக்குப் புத்தகம் இருக்கிறது.

படி 4: யார் யாரிடம் இருந்தது என்ற உடைமைப் பட்டியலில் 1933 முதல் 1945 வரை, அதாவது நாஜிகள் கலைப்பொருள்களைப் பறித்த காலத்தில், வெற்றிடம் இருந்தால் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

பின்சேர்க்கை: சிலர் அனுப்பிய படங்கள் சித்திரமே இல்லை, அச்சு. 18ஆம் நூற்றாண்டுச் செதுக்கோவியர் பார்ட்டொலோட்ஸி குவெர்ச்சினோவின் சித்திரங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருக்கிறார், போட்டோவில் பேனாக் கோடு போலவே தெரியும். ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்; வெட்டியெடுத்த தாளில் அதுவும் இருக்காது, அப்போது லூப்தான் கதி.